முப்பத்திரண்டு வாரா

அக்டோபர் 3, 2019, வியாழன்

குவாம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் மகள் மங்கை இந்த நோட்டை வாங்கித் தந்தாள். சர்வீஸில் இருந்த முப்பத்தாறு வருடமும் டைரி எழுதியவன் நான். அளந்தது, அலைந்தது, சாப்பிட்டது எல்லாம் எழுதுவேன். எழுதாத நாள் குளிக்காத நாள் மாதிரி ஒரு கசகசப்பு.

மங்கைக்கு இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை. மாப்பிள்ளை அருணாசலம், அமெரிக்கக் கப்பற்படைத் தளத்துக்குள்ளே குடியிருப்பு கட்டும் ஒப்பந்தக் கம்பெனியில் என்ஜினியர். இருவரும் ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டால் வீடு என் ராஜ்ஜியம். என் மனைவி செண்பகம் வரவில்லை. மூத்தவள் பிரசவத்துக்குத் திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டாள். "நீங்க போய்க் கடலைப் பாத்துட்டு வாங்க, நான் புள்ளையைப் பாக்கேன்" என்று பிரித்துக்கொண்டாள். எனக்கு லாபம்தான்.

உலக வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய தீவு இது. கொடி அமெரிக்கக் கொடி, தபால்பெட்டி அமெரிக்கத் தபால்பெட்டி. மற்றபடி தென்னை, ஈரப்பலா, வெயில், திடீர் மழை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

காலை நடைக்குத் தெருமுனை வரை போனேன். அங்கே தளத்தின் வேலி ஆரம்பிக்கிறது. நேர்கோடு என்றால் அதுதான் நேர்கோடு. கம்பத்துக்குக் கம்பம் ஒரே தூரம், மேட்டில் ஏறி இறங்கியும் கோணவில்லை. போட்டவன் கெட்டிக்காரன். நானும் பதினோரு ஊருக்கு எல்லைக்கல் நட்டவன். என் அளவில் பிசகு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அளவில் சொன்னதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பக்கத்து வீட்டு ரீத்தா அம்மாவோடு சிநேகம் ஆகிவிட்டது. எண்பத்து நாலு வயது, ஒற்றை நாடி உடம்பு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இந்தத் தீவின் பூர்வ குடியான சமோரோ இனம்.

வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மூன்றும் மடியில்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. மங்கை பல் கறையாகும் என்று ஊரிலிருந்து வெற்றிலை கொண்டுவர விடவில்லை. நான் பார்க்கிற பார்வையிலேயே அந்த அம்மாள் புரிந்துகொண்டு ஒன்று மடித்து நீட்டினார். பாக்கு பச்சை, கொஞ்சம் தலை சுற்றியது. ஆனாலும் சொர்க்கம்.

அவர் பேசுவது ஆங்கிலம். நான் அதை நம் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன். அப்போதுதான் அவர் குரல் எனக்குக் கேட்கிறது.

"உங்க ஊருலயும் மெல்லுவாங்களா?" என்றார்.

"எங்க ஊருல இது இல்லாம கல்யாணமே நடக்காதும்மா."

"அப்ப நீங்க நல்ல ஆளுங்கதான்" என்று முடிவு சொல்லிவிட்டார்.

அக்டோபர் 9, புதன்

காலையில் இட்லி. மதியம் சூரை மீன் குழம்பு, கறிவேப்பிலை இல்லாமல். ரீத்தா அம்மா ஒரு கிண்ணம் சிவப்புச் சோறு கொடுத்தார், ஏதோ விதையின் நிறமாம். பதிலுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தேன்.

இன்று அவர் சொன்ன கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். 1898. தீவு அப்போது ஸ்பெயின்காரனுடையது. ஒருநாள் அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்து கோட்டையைப் பார்த்துச் சுட்டிருக்கிறது. ஸ்பெயின் அதிகாரிகள் படகில் ஏறிப் போய், "மரியாதைக் குண்டு போட்டதுக்கு ரொம்ப நன்றி. பதிலுக்குப் போட எங்ககிட்ட மருந்து இல்லை, மன்னிக்கணும்" என்று சொன்னார்களாம். இரண்டு நாட்டுக்கும் சண்டை நடக்கிற செய்தியே இவர்களுக்கு வந்து சேரவில்லை. "நீங்க இப்ப கைதி" என்று பதில் வந்திருக்கிறது. முடிந்தது. தீவு கை மாறிவிட்டது. அதே வருடம் பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, ஹவாய் எல்லாம் ஒவ்வொன்றாக அமெரிக்கா கைக்குப் போனதாம்.

"ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்கலியா?" என்றேன். நிலம் எடுப்புப் பிரிவில் பத்து வருடம் இருந்தவன், வாய் தானாக வந்துவிட்டது.

"நோட்டீஸா? எங்கள யாரு கேட்டா? ரெண்டு வீட்டுக்காரங்க பேசி மாத்திக்கிட்டாங்க. நாங்க வீட்டுல இருந்த சாமான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்த அம்மாள் அமெரிக்கக் குடிமகள். ஆனால் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட முடியாது. தீவில் இருக்கும்வரை யாருக்கும் அந்த ஓட்டு கிடையாதாம். இவருடைய தம்பி விசென்டே இருபத்திரண்டு வருடம் அவர்கள் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்; அவருக்கும் கிடையாது.

அக்டோபர் 12, சனி

துணி துவைத்தேன். மழை. மறுபடி துவைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

ரீத்தா அம்மா இன்று வெற்றிலையோடு ஒரு பழைய ஜெபப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்.

விஷயம் இது. அவர் பிறந்த ஊர் சாண்டா லூசியா. நான் ரசித்து நடக்கிற வேலிக்கு உள்ளே இருந்த ஊர். 1941-ல் ஜப்பான்காரன் தீவைப் பிடித்தான். 44-ல் அமெரிக்கன் குண்டு போட்டுத் திரும்பப் பிடித்தான். ஊர் சாம்பல். ஜனங்கள் திரும்பிப் போனபோது கப்பற்படை, "இது இனி எங்களுக்கு வேணும்" என்று கம்பி போட்டுவிட்டது. மீதம் இருப்பது கல்லறைத் தோட்டத்தின் வாசல் தூண் ஒன்றும், நடுவில் ஒரு பெரிய கற்சிலுவையும். வருடத்தில் ஒரே நாள், நவம்பர் 2, இறந்தவர்கள் திருநாள் அன்று, மூன்று மணி நேரம் உள்ளே விடுவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிட வேண்டும்.

அவருடைய அம்மா கார்மென் 1940-ல் இறந்தார். ரீத்தா அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. மரச் சிலுவை சண்டையில் எரிந்துபோயிற்று. இடத்தைத் தம்பி விசென்டேதான் அளந்து கண்டுபிடித்து, ஒரு வெள்ளைக்கல் வைத்து, வருடாவருடம் கூட்டிப்போவார். போன மார்ச்சில் அவர் காலமானார். கல்லைப் புல் வெட்டுகிறவர்கள் எங்கோ எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

"போன வருஷமே கல்லைக் காணாம எனக்கு எடம் சந்தேகம். கிறிஸ்மஸ் முடிஞ்சா நான் கலிபோர்னியாவுக்கு, அண்ணன் மகன் வீட்டுக்குப் போறேன். முழங்கால் ரெண்டும் போச்சு, திரும்பி வர மாட்டேன். கடைசியா ஒரு தடவை அம்மா இருக்கிற எடத்துல உக்காரணும். சரியா அந்த எடத்துல. நீங்க நிலம் அளக்கிறவர்னு உங்க பொண்ணு சொன்னா."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார். வாசல் தூணிலிருந்து பெரிய சிலுவைக்கு 20 வாரா, பழைய ஸ்பெயின் அளவாம். அதே கோட்டில் கடலைப் பார்த்து இன்னும் 32 வாரா. அங்கே கார்மென்.

என்ன சுத்தமான குறிப்பு! இரண்டு நிலைப்புள்ளி, ஒரு கோடு, ஒரு தூரம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி எழுத வராது. "கவலைப்படாதீங்கம்மா, ஒரு விரல் பிசகாம காட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு என்னை ஒருவர் வேலைக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 18, வெள்ளி

மாப்பிள்ளை நூறு அடி டேப் வாங்கிவந்தார். உள்ளே போக என் பாஸ்போர்ட் நகலும் ரீத்தா அம்மாவின் பட்டியலோடு போயிருக்கிறது. வெளிநாட்டுக்காரன் என்பதால் தனி அனுமதி வேண்டுமாம்.

செண்பகத்திடம் போனில் சொன்னேன்.

"கல்லறை அளக்கப் போறியளா? நீங்களா?"

"ஏன், எனக்கு அளக்கத் தெரியாதா?"

"அளக்கத் தெரியாதுன்னு நான் சொன்னனா? செந்தேரிப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போறவிய, அதான் கேட்டேன்."

பிள்ளை பெற்ற வீட்டில் ஓய்வில்லை, அவளுக்கு எதையாவது எதோடாவது முடிச்சுப் போடத் தோன்றுகிறது. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

விசென்டே எப்படி அளந்தார் என்று விசாரித்தேன். "வாரான்னா ஸ்பெயின்காரன் கெஜம். கப்பல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று கெஜக் கணக்கில் 96 அடி அளந்தாராம். அங்கே நல்ல புல்வெளி, ஒரு மயில்கொன்றை மரம் நிழல் தருகிறது. நாற்பது வருடமாக அங்கேதான் ஜெபம்.

எனக்குச் சுருக்கென்றது. நம் பழைய பத்திரங்களில் "கோல்" என்று வரும். ஒரு ஊரில் பன்னிரண்டு அடிக் கோல், பக்கத்து ஊரில் பதினாறு. எந்த ஊர்க் கோல் என்று கேட்காமல் டேப்பை விரிக்கிறவன் சர்வேயரே இல்லை. மங்கையின் கம்ப்யூட்டரில் தேடினேன். வாரா என்பது கெஜம் இல்லை. மூன்று அங்குலம் குறைவு, ஏறக்குறைய முப்பத்து மூன்று அங்குலம். அப்படியானால் 32 வாரா 88 அடி. விசென்டே எட்டு அடி தள்ளிப் போயிருக்கிறார். பாவம், சமையல்காரர். தூணுக்கும் சிலுவைக்கும் நடுவே அளந்து பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

துள்ளிக் குதிக்காத குறை. மாலையில் கேசரி கிண்டினேன்.

அக்டோபர் 21, திங்கள்

வானிலிருந்து எடுத்த படத்தில் சிலுவை நன்றாகத் தெரிகிறது. கோடு போட்டு 88 அடி வைத்துப் பார்த்தேன். கணக்கில் ஏதோ தவறு.

அக்டோபர் 22, செவ்வாய்

மறுபடி போட்டேன். தவறு இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அதிரசம் உதிர்ந்துவிட்டது, ஆனாலும் ருசி. ரீத்தா அம்மாவுக்கு ஒரு தட்டு கொடுத்தேன். "நவம்பர் 2-க்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கேன், வெள்ளைல நீலப் பூ" என்றார். வெற்றிலை கொடுத்தார். வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன். ஒரு வேலையும் இல்லை.

மதியம் மங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் படத்தைக் காட்டினேன். 88 அடியில் புல் கிடையாது. தார். கல்லறைத் தோட்டத்தின் கடல்பக்கத் துண்டை வெட்டி ஒரு ரோடும் அதன் கடல்பக்க ஓரத்தில் வண்டி நிறுத்துமிடமும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாரைத் தாண்டினால்தான் விசென்டேயின் புல்வெளி.

மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. "மாமா, நான் தினமும் அந்த ரோட்டுலதான் போறேன்" என்றார்.

மங்கைதான் பேசினாள். "அப்பா, அவங்களுக்கு எண்பத்து நாலு வயசு. இதான் கடைசித் தடவை. புல்லுலயே இருக்கட்டுமே. எட்டு அடிதானப்பா."

"பொய்யா காட்டச் சொல்லுதியா?"

"காட்டாண்டாம்னுதான் சொல்லுதேன். டேப்பை எட்டு அடி கூட இழுத்துப் பிடிச்சா ஆச்சு. யாருக்கு நஷ்டம்?"

சரியாகத்தான் சொல்கிறாள். யாருக்கும் நஷ்டம் இல்லை. அதிரசம் இரண்டு கூடவே தின்றுவிட்டேன், நெஞ்சைக் கரிக்கிறது.

அக்டோபர் 30, புதன்

அனுமதி வந்துவிட்டது.

வராமல் போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

செந்தேரியையும் எழுதிவிடுகிறேன். 1984. அரசாங்கத் திட்டம் ஒன்றுக்கு இருநூறு ஏக்கர் எடுத்தோம். சர்வே எண் 147 அந்த ஊரின் இடுகாடு. அதை இடுகாடு என்று காட்டினால் மாற்றிடம் கொடுக்க வேண்டும், ஒரு வருடம் இழுக்கும். மேலதிகாரி, "மேல கல்லு ஒண்ணும் இல்லையே, தரிசுன்னு போட்டுருமே" என்றார். மணல் மேடுதான், கல் இல்லைதான். தரிசு என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அருளப்பன் என்று ஒருவர் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். தன் மகளைப் புதைத்த இடத்தைப் படத்திலாவது குறிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை நான் உள்ளே இருந்துகொண்டு, வெளியூர் போயிருக்கிறேன் என்று செண்பகத்தைச் சொல்ல வைத்தேன். அடுத்த மாதம் புல்டோசர் வந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள்.

நவம்பர் 2, சனி

பதினோரு மணிக்கு வாசலில் சோதனை. பழைய ஊர்க்காரர்களும் சேர்த்து நாங்கள் பதினாறு பேர். ரிவேரா என்கிற கப்பற்படைப் பெண்மணி, நாற்பது வயது இருக்கும், பெரிய வேனில் ஏற்றிக்கொண்டார். அவர்தான் டிரைவர், அவர்தான் காவல். சொந்த ஊர் போர்ட்டோ ரிக்கோ என்றதும் ரீத்தா அம்மா, "நீயும் 98-ஆ?" என்றார். "ஆமா ஆன்ட்டி, நாங்களும் 98" என்று ரிவேரா சிரித்தார். ஒரே வருடம் பள்ளியில் சேர்ந்தவர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது.

வேனை ரோட்டின் கடல்பக்க நிறுத்துமிடத்தில் நிறுத்தினார். ரீத்தா அம்மா புதுச் சட்டையில், மங்கை கையைப் பிடித்துக்கொண்டு, நேராக மயில்கொன்றை அடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க அளங்க. நான் இங்கயே இருக்கேன். இங்கதான்னு மனசு சொல்லுது, சும்மா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க போதும்" என்றார். மெழுகுவர்த்திகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தூணிலிருந்து சிலுவை. மாப்பிள்ளை மறுமுனையைப் பிடித்தார். ஐம்பத்தைந்து அடி. இருபதால் வகுத்தால் முப்பத்து மூன்று அங்குலம், சொல்லிவைத்த மாதிரி. அந்த மனிதர் எண்பது வருடத்துக்கு முன்னால், பெண்டாட்டியைப் புதைத்த அன்றைக்கு, ஒரு அங்குலம் பிசகாமல் அளந்திருக்கிறார்.

சிலுவையிலிருந்து கடல் நோக்கி. எண்பத்தெட்டு அடி. டேப்பின் நுனி வேனுக்கு அடியில் போய் நின்றது. எங்களை ஏற்றிவந்த அதே வேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மங்கை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ரீத்தா அம்மா ஏற்கெனவே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டார். காற்று இல்லை, சுடர் ஆடாமல் நின்றது. "சரியாத்தான் இருக்குதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ரோட்டைத் தாண்டிப் போய் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அம்மா, இங்க இல்லை."

"எங்க?"

கையைக் காட்டினேன். அவர் வேனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாரா, கெஜம், அங்குலம் என்று என்னென்னவோ உளறினேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"அப்ப நாப்பது வருஷமா நானும் விசென்டேயும் இந்த மரத்துக்கா ஜெபம் பண்ணினோம்?"

"ஆமாம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். "அதான் மரம் இப்படி வளந்திருக்கு!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மங்கையிடம் கை நீட்டினார். "என்னை எழுப்பு. எங்கம்மா மேல வண்டி நிக்குது."

ரிவேராவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோய், ஓடிப் போய் வேனை எடுத்தார். நூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு, ஆரஞ்சு நிறக் கூம்புகள் நாலு கொண்டுவந்து ரோட்டை மறித்துச் சுற்றி வைத்தார். இதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்று தெரியாது.

தார் கொதித்தது. மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி விரித்தார். அந்த அம்மாள் அதில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தார் மேல் வைத்துக்கொண்டார். சமோரோ மொழியில் பேசினார். அவர் படித்த பள்ளியில் அந்த மொழி பேசினால் தண்டனையாம். அம்மாவிடம் பேச அவருக்கு வேறு மொழி தெரியாது. நிறைய பேசினார். இடையில் ஒரு தடவை என்னைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மகளும் மாப்பிள்ளையும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு ரிவேரா மணியைப் பார்க்கவில்லை. இரண்டரைக்குத்தான் கிளம்பினோம். வேனில் ரீத்தா அம்மா பக்கத்தில் உட்கார வைத்து எனக்கு ஒரு வெற்றிலை மடித்தார்.

"நல்ல வேலை கத்துவச்சிருக்கீங்க. எனக்கு அதை எழுதிக் குடுங்க. எங்கப்பா எழுதின மாதிரி இல்ல, ஆபீஸ் படம் மாதிரி. கையெழுத்து போட்டு. கலிபோர்னியாவுல சுவத்துல மாட்டுவேன்."

நவம்பர் 3, ஞாயிறு

காலை முழுவதும் படம் வரைந்தேன். அளவுகோல், வடக்குக் குறி, தூண், சிலுவை, ரோடு, வேலி. 88 அடியில் ஒரு சிறு பெட்டி போட்டு, உள்ளே "கல்லறை, கார்மென், 1940" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். கீழே சி. கோமதிநாயகம், சர்வேயர், ஓய்வு. முப்பத்தாறு வருடத்தில் எத்தனையோ படம் வரைந்திருக்கிறேன். கல்லறை என்ற சொல்லைப் படத்தில் எழுதியது இன்றைக்குத்தான்.

ரீத்தா அம்மா படத்தை வாங்கிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரோடு சின்னதா தெரியுது, எங்கம்மா பெருசா தெரியுறா" என்றார். அளவுப்படி அப்படித் தெரியக் கூடாது. பெட்டியை நான்தான் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன்.

செண்பகத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்குப் பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"நல்லது செஞ்சிய. அருளப்பன் மவன் தூத்துக்குடி ஹார்பர்ல வேலை பாக்கான். அவன் அம்மைக்கும் உசுரு இருக்கு. நான் வருசா வருசம் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன், உங்ககிட்ட சொன்னதில்ல. 147 எப்படிக் கெடந்துச்சுன்னு இப்பமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பம் எப்பம் வாரிய?"

ஜனவரி வரை இருப்பதாக ஏற்பாடு. டிக்கெட்டை இந்த மாதமே மாற்றச் சொல்லி மங்கையிடம் சொல்லிவிட்டேன். டேப்பைப் பெட்டியில் துணிக்கு மேலே வைத்திருக்கிறேன்.